எந்தக் கடன்?

இரண்டாம் ஆண்டுக் கட்டணம் செலுத்தவேண்டிய நாள் நெருங்குகிறது. தனியார் கல்லூரியொன்றில் பொறியியல் பயிலும் மாணவன் விடுமுறைக்கு வீடு வந்திருக்கிறான். முதல் ஆண்டிற்கே தாயின் நகைகள் அடகுக்குப் போய்விட்டன. இனி வீட்டுப் பத்திரம்தான் மிச்சம். 'நீ படி, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்கிறார் தந்தை. அவன் தொடர்வதா, விலகுவதா?

இதை வெறும் பணக் கணக்கு என்போர் உண்டு. கணக்கும் தேவையே, அதைப் பார்க்க மறுப்பது துணிவாகாது. கல்விக் கடனில் படிக்கும் காலத்திலும் வட்டி சேர்கிறது. பெரும்பாலும் பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுகின்றனர். தொகை ஏழரை லட்சத்தைக் கடந்தால் வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. திருப்பிச் செலுத்தும் காலம் 15 ஆண்டுகள் வரை நீளலாம். தந்தை முதுமை எய்திய பின்னும் அக்கையெழுத்து அவரைத் தொடரும்.

தமிழில் 'கடன்' என்ற சொல் வாங்கிய பணத்தையும் குறிக்கும், செய்யவேண்டிய கடமையையும் குறிக்கும். மகனைப் படிக்கவைப்பது தம் கடன் எனக் கருதியே தந்தை கடன் வாங்குகிறார். மகனின் கடன் எது? மனமுவந்து தருவதை மறுப்பதும் சில வேளைகளில் அகங்காரமே என்ற வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும், கொடுப்பவர் முழுவதும் அறிந்து கொடுத்தால்தான் அது தியாகம். தேர்வில் தவறிய பாடங்களையும், அங்கு படித்து முடித்தோருக்கு உண்மையில் கிடைக்கும் வேலையையும் மகன் மறைத்திருந்தால், தந்தை தருவது தியாகமன்று. அவரிடமிருந்து அது பறிக்கப்படுகிறது.

அவன் தன்னையே கேட்கவேண்டிய கேள்வியும் ஒன்று உண்டு. விட முடியாதது படிப்பையா, கல்லூரியின் பெயரையா? அதே பாடத்தை அரசுக் கல்லூரியில் குறைந்த கட்டணத்தில் பயிலலாம் என்றதும் மனம் சுளிக்குமானால் விடை தெரிந்துவிடும். (நல்ல ஆசிரியர்களுக்காகவே தயங்குபவனும் உண்டு, அவனுடைய தயக்கம் வேறு.)

விலகுவது கல்வியின் முடிவாக வேண்டியதில்லை. பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகை முடிந்ததால், 1917-இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார் அம்பேத்கர். ஆனால் மீண்டும் வந்து ஆய்வை முடிக்க நான்காண்டு அவகாசம் பெற்றுக்கொண்டே அவர் புறப்பட்டார். பம்பாயின் சிடன்ஹாம் கல்லூரியில் கற்பித்துப் பணம் சேர்த்தார், நவல் பாத்தேனா என்ற நண்பரிடம் கடனும் பெற்று 1920-இல் லண்டன் சென்றார், 1923-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். கடனே கூடாது என்று அவர் இருந்துவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. விலகியோர் பலர் திரும்புவதில்லை என்பதும் உண்மையே. ஆகவே, திரும்பும் வழியைக் கேட்டறியாமல் வெளியேறுவது அவசரம். 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி, இத்திட்டத்தில் இணைந்துள்ள நிறுவனங்களில் ஈட்டிய மதிப்பலகுகளை ஏழாண்டுகள் வரை சேமித்து வேறிடத்தில் பயன்படுத்தலாம். இதை அலுவலகத்தில் விசாரிக்க அரைநாள் போதும்.

வங்கிக்குப் புறப்படத் தந்தை பத்திரத்தை எடுத்து வைத்துவிட்டார். மதிப்பெண் பட்டியல் இன்னும் மகனின் பெட்டிக்குள்தான் இருக்கிறது.