பெற்றோர் என்னும் பலர்பால்

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபின், பிள்ளைகளின் படிப்பைப் ‘பெற்றோர்’ கவனிக்க வேண்டும் என்றார்கள். பெற்றோர் என்பது இலக்கணத்தில் பலர்பால். கண்டரமாணிக்கத்தில் நான் பார்த்த வீடுகளில் அது பெண்பால் ஒருமையாகவே இருந்தது. உலை வைத்துவிட்டுக் கல்வித் தொலைக்காட்சிக்கு நேரம் பார்த்தவள், ஒரே செல்போனை இரண்டு பிள்ளைகளுக்குப் பங்கிட்டவள், புரியாத கணக்கை இரவில் சொல்லிக்கொடுத்தவள், எல்லாம் அம்மாதான்.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியது. மாலைகளில் கற்பித்த தன்னார்வலர்கள் பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தொகை சிறிதுதான். ஆனாலும் கற்பித்தல் உழைப்பு என்பதை அது ஒப்புக்கொண்டது. அதையே தன் வீட்டில் செய்தவளுக்குக் கிடைத்தது ‘பாசம்’ என்ற பெயர் மட்டுமே.

பாசம் உண்மைதான். அதைச் சொல்லி உழைப்பை மறைப்பதுதான் அநீதி. அம்மாவுக்குக் கூலி உண்டா என்று கேட்கும் முன், அந்த வீட்டில் அப்பாவின் பாடவேளை எது என்று கேட்போம்.