எல்லாம் சித்தமா?

ஊழியத்தில் வழி திறந்தால் தேவசித்தம். அடைபட்டால் விசுவாச சோதனை. மும்பை தாராவியில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் இப்படி ஒரு பிரசங்கம் முடிந்ததும் என் அத்தை, "அப்போ எதுதான் ஐயா சித்தம் இல்ல?" என்று கேட்டுவிட்டார். திருநெல்வேலிக்காரி, சும்மா விடமாட்டார்.

ஹாரியட் நியூவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1812இல் கணவர் சாமுவேலுடன் அமெரிக்காவிலிருந்து ஊழியத்துக்காகக் கல்கத்தா வந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி வெளியேறச் சொன்னது. மொரீஷியஸ் போகும் கப்பலில் குழந்தை பிறந்தது; கரை சேருமுன் இறந்தது. நவம்பர் 30 அன்று காசநோயில் தாயும் போனார். வயது 19. சாமுவேல் இலங்கைக்குப் போய் நிலவரம் பார்த்து எழுதினார். 1816இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் கால்வைத்தது. சாமுவேலோ இதே பம்பாயில் 1821இல் காலராவில் மாண்டார்.

அந்த மிஷன் யாழ்ப்பாணத்தில் நடத்திய பள்ளிக்கூடங்களைக் காட்டி, "பார்த்தீர்களா, எல்லாம் நன்மைக்கே" என்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடங்கள் நல்லவைதான். ஆனால் அவற்றுக்கு முன்பணமாக ஒரு சிசுவை வாங்கிக்கொள்ளும் கடவுளை என்னால் கும்பிட முடியாது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து காரணம் சொன்ன பிறகுதான் கர்த்தருக்கு அவர்கள்மேல் கோபம் வந்தது.