கொடாததைக் கொள்ளுதலும் வீடு தேடி வரும் உணவும்



சென்ற பௌர்ணமிக் கூட்டம் முடிந்து அசோகபுரத்தினின்று திரும்புங்கால், இளைஞர் ஒருவர் எம்மை வினவினார்: "ஐயா, விடுமுறை நாட்களில் நஜர்பாத்திலிருந்து தோசை வரவழைத்து வீட்டிலேயே உண்கிறோம். கொண்டுவரும் கூலி இலவசம் என்று கைப்பேசியில் காட்டுகிறது. கேட்ட காசைக் கொடுத்துவிடுகிறோம். இதனால் சீலத்திற்குப் பழுது உண்டோ?"

அப்பொழுது விடை கூற எமக்கு இயலவில்லை. பின்னர் ஆராய்ந்து கண்டதை இங்கு எழுதுகிறோம்.

பஞ்சசீலத்துள் இரண்டாவது, கொடுக்கப்படாத பொருளைக் கொள்ளாதிருத்தல். பூட்டை உடைப்பது மட்டுமே திருட்டென்று எண்ணுவோர் பலர். ஒருவன் மனமுவந்து கொடாத உழைப்பை, அவனுடைய வறுமையை வாய்ப்பாகக் கொண்டு நாம் அடைவோமாயின், அதுவும் அதன்பாற் படுமன்றோ? ஆதலின் அந்தத் தோசையின் விலையை யார் யார் செலுத்தினர் என்று முதலில் கணக்கிட வேண்டும்.

ஓட்டலில் அமர்ந்து உண்டால் 100 ரூபாய் ஆகும் பண்டத்தை உதாரணமாகக் கொள்வோம். ஸ்விக்கி, சொமாட்டோ முதலிய செயலிகளில் அதன் விலை பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். நிறுவனம் ஓட்டல்காரரிடம் நூற்றுக்கு 15 முதல் 30 வரை கழிவு பெறுவதாகக் கூறுவர். அதனை ஈடுசெய்யவே அவர் விலையை உயர்த்துகிறார். அதன்மேல் பார்சல் கட்டணம், உணவின்மேல் நூற்றுக்கு 5 சரக்கு சேவை வரி, கொண்டுவரும் கூலி, 2025 செப்டம்பர் 22 முதல் அக்கூலியின் மீதும் நூற்றுக்கு 18 வரி. தளக் கட்டணம் என்று ஒன்றும் உண்டு. 2023-இல் 2 ரூபாயாகத் தொடங்கிய அது 2025-இல் 10 ரூபாயைக் கடந்தது. இவ்வாறு நூறு ரூபாய்ப் பண்டம் நூற்றைம்பதை எட்டுதல் அரிதன்று.

பலர் இவ்வளவோடு கணக்கை முடித்து, "நடந்து சென்று வாங்கினால் மிச்சம்" என்பர். அது சிக்கனத்தின் கணக்கு. சீலத்தின் கணக்கோ ரசீதில் எழுதப்படாத செலவுகளிலிருந்து தொடங்குகிறது.

யாம் இளமையில் நூற்பாலையில் உழைத்தோம். அங்கே பஞ்சுத்தூசியும் உண்டு, அநியாயமும் உண்டு. ஆயினும் எந்திரமும் மின்சாரமும் ஆலைக்குரியன. 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டமும், 1952-ஆம் ஆண்டின் சேமநல நிதிச் சட்டமும் எமக்குத் துணையிருந்தன. தோழர் ஒருவருக்கு விரல் நசுங்கியபோது ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அவரை ஏற்றது; அவர் மனைவி எதையும் அடகு வைக்க நேரவில்லை. அவ்வுரிமைகளை எமக்கு முந்திய தலைமுறையினர் போராடிப் பெற்றனர்.

இன்று நம் வாயிலில் வந்து நிற்கும் இளைஞனை நோக்குங்கள். வண்டி அவனுடையது, பெட்ரோல் அவனுடையது, கைப்பேசியும் அவனுடையது. ஓட்டல் வாயிலில் காத்து நிற்கும் நேரத்திற்குப் பெரும்பாலும் தக்க கூலியில்லை. மழையில் வண்டி சறுக்கினால் அன்றைய வருவாயும் போயிற்று, வண்டிச் செலவும் சேர்ந்தது. அவனைத் தொழிலாளி என்னாது "கூட்டாளி" என்கின்றனர். அப்பெயரினாலேயே எமக்கிருந்த காப்புகள் அவனுக்கு இல்லாது போயின. இத்தகைய பணிகளில் 2020-21-இல் 77 இலட்சம் பேர் இருந்தனர் என்றும், 2029-30-இல் 2 கோடியே 35 இலட்சம் பேர் ஆவர் என்றும் நிதி ஆயோக் 2022-இல் மதிப்பிட்டது.

எனவே "இலவசம்" என்னும் சொல்லுக்குப் பொருள், செலவில்லை என்பதன்று. ஒரு பங்கை முதலீட்டாளர் ஏற்கிறார். ஒரு பங்கை ஓட்டல்காரர் ஏற்கிறார். எஞ்சிய பங்கு அவ்விளைஞனின் தேய்ந்த சக்கரத்திலும் முதுகெலும்பிலும் எழுதப்படுகிறது.

இன்னொருவரும் உளர். 2016-இல் இந்தியத் தூய நகரங்களுள் முதலிடம் பெற்றது நம் மைசூரு. அப்பெருமையைத் தந்தவர்கள் விடியற்காலையில் குப்பை வாரும் பௌரகார்மிகர்கள். சட்னி ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவை நாம் எறிந்துவிடுகிறோம். அதைக் கையால் பிரிப்பவர் அவர். வித்யாரண்யபுரத்துக் குப்பைக் கிடங்கின் நாற்றத்தைச் சுவாசிப்போர் அதனருகே குடியிருப்போர். இச்செலவும் ரசீதில் இல்லை.

"அப்படியாயின் வரவழைத்தலையே விட்டுவிடலாமோ?" எனின், அதுவும் நேர்வழியன்று. நாம் விட்டுவிட்டால் அவ்விளைஞனின் அடுப்பு எரியாது. நோயாளிக்கும், தனித்து வாழும் முதியோருக்கும், இரவுப் பணி முடித்து வரும் தாதிக்கும் இவ்வுணவு பேருதவி. குற்றம் வரவழைத்தலில் இல்லை; ஒருவர் செலுத்தும் விலையைக் காணாதது போல் இருத்தலில் உள்ளது.

செய்யத்தக்கவை சில உள. நடக்க இயன்றவர் தூக்குச்சட்டியோடு தாமே சென்று வாங்கலாம். கழிவும் இல்லை, டப்பாவும் இல்லை. வரவழைப்போர் பலமுறை சிறிது சிறிதாக அன்றி ஒருமுறை சேர்த்து வரவழைக்கலாம். விரைந்து வா என்று நெருக்காதிருத்தலும், கொண்டுவருவோன் கையில் தனியே சிறிது பணம் கொடுத்தலும் வேண்டும். அது பிச்சையன்று, பாக்கி.

ஆயினும் தனிமனிதர் ஈகை மட்டும் போதாது. எமது ஆலைக் காப்பு முதலாளியின் இரக்கத்தால் வந்ததன்று, சட்டத்தால் வந்தது. ராஜஸ்தான் 2023-இலும், கர்நாடகம் 2025-இலும் இத்தொழிலாளருக்கெனச் சட்டம் இயற்றின. கர்நாடகச் சட்டப்படி, தொழிலாளிக்கு அளிக்கும் ஊதியத்தின் மீது நூற்றுக்கு 1 முதல் 5 வரை நிறுவனம் நலநிதிக்குச் செலுத்த வேண்டும். நம் தெருவில் இத்தொழில் புரியும் பிள்ளைகள் அந்நிதிக்கெனப் பதிவு பெற்றனரா என்று விசாரித்து உதவுதல் நம் சங்கத்தார் உடனே செய்யக்கூடிய பணி.

வினவிய இளைஞருக்கு எமது விடை இதுவே: தம்பி, தோசையினால் சீலம் கெடாது. கேட்ட காசைக் கொடுத்துவிட்டேன் என்று அமையாதே; கேட்காதவர் யார் என்று பார். அடுத்த முறை அவ்விளைஞன் வரும்போது, அவனை மாடி ஏறவிடாமல் நீயே இறங்கிச் செல். ஒரு செம்பு தண்ணீரும் எடுத்துச் செல்.