24 மணி நேரக் கணக்கு

உறவுகளே, காலம் தாழ்த்தாதீர்கள். பக்கத்து வீட்டுப் பையனைக் கைது செய்து ஜீப்பில் ஏற்றிய நிமிடத்திலேயே ஒரு கணக்கு தொடங்கிவிடுகிறது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அவனை அருகிலுள்ள நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு இட்ட கட்டளை இது. 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. "சும்மா விசாரணைக்குத்தான், காலையில் விட்டுடுவாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறோமே, அந்தக் கதவுக்கு நாமும் பதில் சொல்லியாக வேண்டும்.

அதிகாரம் உள்ளவரையே இந்த அநீதி விட்டுவைக்கவில்லை. 1985 செப்டம்பரில் ஜம்மு காஷ்மீர் சட்டமன்ற உறுப்பினர் பீம் சிங் கூட்டத்தொடருக்குப் போகும் வழியில் பிடித்து வைக்கப்பட்டார். ஆளை நேரில் நிறுத்தாமலேயே போலீசார் ரிமாண்ட் ஆணை வாங்கினார்கள். உச்ச நீதிமன்றம் அவருக்கு 50,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. ஆளின் முகத்தைக்கூடப் பாராமல் கையெழுத்திட்டவர்களையும் அது கண்டித்தது. நடுவர்களே, உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன்: முகத்தைப் பாருங்கள், காயம் உண்டா என்று கேளுங்கள், எப்போது பிடித்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் பேனா நகர்வதற்கு முன் கேட்காத கேள்வி ஓர் உயிரையே கொண்டுபோய்விடலாம்.

எம்.எல்.ஏ.வுக்கே இந்தக் கதி என்றால் ஏழையின் கதி என்ன? பீகாரில் ஒருவர் 1968இல் விடுதலைத் தீர்ப்புப் பெற்றும் 1982 வரை சிறையிலேயே கிடந்தார். 14 ஆண்டுகளுக்கு மேல்! 1983இல் உச்ச நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது மொத்தம் 35,000 ரூபாய். சொற்பத் தொகைதான், ஆனால் பறிக்கப்பட்ட சுதந்திரத்துக்கு அரசு ஈடு கொடுக்க வேண்டும் என்ற வழி அதில்தான் திறந்தது. ஒடிசாவில், காவலில் இருந்த தன் மகன் ரயில் பாதையில் பிணமாகக் கிடந்ததைக் கண்ட தாய் 1988இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதமே மனுவானது. 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அந்தத் தாய் எழுதாமல் இருந்திருந்தால்?

எழுதுங்கள், உறவுகளே. ஆளைக் கூட்டிப்போன நேரத்தை எழுதுங்கள், வண்டி எண்ணை எழுதுங்கள், வந்தவர்களின் பெயரை எழுதுங்கள். முதல் நாள் இரவு பிடித்து மறுநாள் காலை கைது என்று பதிவேட்டில் காட்டினால், அந்த இரவுக்கு உங்கள் எழுத்தைத் தவிர வேறு சாட்சி ஏது? முன்பெல்லாம் நம் பெரியவர்கள் உடனே ஓடிப்போய்த் தந்தி கொடுப்பார்கள். 2013இல் தந்தி நின்றுவிட்டது; நம் பொறுப்பு நிற்கவில்லை. மேலதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், பதிவுத் தபால் போடுங்கள், இலவசச் சட்ட உதவிக்கு 15100ஐ அழையுங்கள், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுங்கள்.

ஆதாரமின்றிப் பிடிக்கவைத்தவர் தர வேண்டிய இழப்பீட்டுக்குச் சட்டப் புத்தகம் இன்றும் வைத்திருக்கும் உச்சவரம்பு ஆயிரம் ரூபாய். அநியாயக் கைதுக்கு இழப்பீடு என்ற உரிமை எங்கள் சட்டத்தில் இல்லை என்று 1979இல் உலகத்தின் முன் அறிவித்த அரசு நம்முடையது. நீதிமன்றங்கள் அதைக் கடந்து வந்துவிட்டன. அரசே, நீ எப்போது கடப்பாய்? தவறு செய்தவரின் சம்பளத்தில் பிடிக்காமல், எல்லார் வரிப்பணத்திலும் ஈடு கட்டிவிட்டு எத்தனை காலம் கை கழுவுவாய்?

காவலர்களே, நீங்களும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள். மேலிடம் சொன்னது என்று ஓர் இரவு ஒருவரை அடைத்து வைத்தாலும் சாவி உங்கள் கையில்தான் இருந்தது. அந்தக் கணக்கு உங்கள் பேரில்தான் ஏறும்.

இன்னொன்றையும் கேளுங்கள், இதில் தாமதம் கொல்லும். சட்டவிரோத அடைப்புக்கு ஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போடச் சட்டம் தரும் அவகாசம், அடைப்பு முடிந்த நாளிலிருந்து ஒரே ஒரு ஆண்டு. பயத்தில் ஆறு மாதம் போகிறது, "நமக்கெதுக்கு வம்பு" என்பதில் இன்னும் ஆறு மாதம் போகிறது. உங்கள் தெருவில் அப்படி அடைபட்டு வந்தவர் இருந்தால் இன்று மாலையே அவர் வீட்டுக்குப் போங்கள். வெளியே வந்த தேதியைக் கேளுங்கள். நாளைக் காலை வக்கீலிடம் அவரோடு நீங்களும் போங்கள்.