ஒப்படைத்தலும் பொறுப்பும்

ஒருவன் தன் செயலின் விளைவைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டால், அவனுடைய பொறுப்பு அத்துடன் தீர்ந்துவிடுமா? அறநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் இவ்வினாவுக்குக் கணினித் துறையிலும் ஒரு விளக்கம் கிடைக்கின்றது.

1975ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரால்ட் சஸ்மன், கை ஸ்டீல் என்னும் இருவர் ஸ்கீம் என்ற கணினி மொழியை உருவாக்கினர். இத்தகைய மொழியில் எழுதியதைப் பொறிக்குரிய கட்டளைகளாகப் பெயர்க்கும் நிரலே கம்பைலர் எனப்படும். 1978இல் ஸ்டீல் விளக்கி எழுதிய 'ராபிட்' என்னும் கம்பைலர், நிரலை முதலில் 'தொடர்ச்சியை ஒப்படைக்கும் நடை'க்கு மாற்றிக்கொண்டது. வழக்கமான நடையில், ஏவப்பட்ட பணி விடையைக் கண்டதும் ஏவியவரிடமே திரும்பும். இந்நடையிலோ எப்பணியும் திரும்புவதில்லை. விடை கிடைத்தபின் செய்யவேண்டியது யாது என்னும் குறிப்பும் பணியுடன் சேர்த்தே அனுப்பப்படும். பணி தன் விடையை அக்குறிப்பினிடம் கொடுத்துவிட்டு நீங்கும். அக்குறிப்பே தொடர்ச்சி.

இம்மாற்றத்தை மனிதர் தம் கையால் எழுதும்போது பிழைகள் எளிதில் புகும். தொடர்ச்சியை அழைக்க மறந்தால் எஞ்சிய பணி நின்றுபோகும். இருமுறை அழைத்தால் அப்பணி இருமுறை நடக்கும். இவற்றினும் நுட்பமான பிழை வேறொன்றுண்டு. ஒன்று முதல் ஓர் எண் வரையுள்ள எண்களைப் பெருக்கும் நிரலை நோக்குவோம். மூன்றுக்கு விடை காண, இரண்டுக்குரிய விடையைக் கேட்டு, 'வருவதை மூன்றால் பெருக்கி மேலே ஒப்படை' என்னும் புதிய தொடர்ச்சியை அனுப்புதல் வேண்டும். எழுதுபவர் அயர்ந்து, தமக்கு வந்த பழைய தொடர்ச்சியையே அனுப்பிவிட்டால் பெருக்கலே நடவாது. எவ்வெண்ணுக்கும் விடை 1 என்றே வரும். சுழியத்துக்கும் ஒன்றுக்கும் சரியான விடையே 1 ஆதலின், முதலிரு சோதனைகளிலும் பிழை மறைந்தே கிடக்கும். இரண்டைக் கொடுத்துப் பார்க்கும்போதுதான் அது வெளிப்படும்.

ஈண்டுத் தவறிய வரி பொய் ஏதும் உரைக்கவில்லை. வந்ததை வந்தவாறே அனுப்பியது. தன் பங்கைச் சேர்க்காததே அதன் குற்றம். இறுதியில் தவறான விடையை அச்சிட்ட வரியோ குற்றமற்றது. திரும்பி வருவோர் இல்லாமையால் வந்த வழியின் தடமும் எஞ்சுவதில்லை. எனவே, பிழை தேடுவோர் ஒவ்வோர் ஒப்படைப்பிலும் நின்று, பெற்றது யாது, சேர்த்தது யாது, யாரிடம் கொடுக்கப்பட்டது என்று வினவுதல் வேண்டும்.

பேராக் மாநிலத் தோட்டப்புற மக்களுக்கு இவ்வினாக்கள் புதியன அல்ல. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலின்போது, பெருநிறுவனத்திடமிருந்து நிலம் வணிகக் குழுவினரிடம் சென்றது. அவர்களிடமிருந்து சிறு உடைமையாளரிடமும், வேலை குத்தகைக்காரரிடமும் சென்றன. நிலம் முறைப்படியே கைமாறியது. ஆயினும், தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர். யாரைக் கேட்பினும், அடுத்தவரையே சுட்டினர். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைப் பங்காகத் திரட்டித் தோட்டங்களை வாங்க வழிவகுத்தார். கைமாறும் நிலத்தை வெறுமனே நோக்கியிராமல், அச்சங்கிலியில் அவர் ஒரு புதிய தொடர்ச்சியைச் சேர்த்தார் எனலாம்.

அங்ஙனமாயின், சங்கிலியின் எல்லா விளைவுக்கும் ஒவ்வொருவரையும் குற்றஞ்சாட்டலாமோ எனின், அது முறையன்று. பின்வருவோர் செய்யும் தவற்றுக்கு முன்னவர் பொறுப்பாகார். ஆனால் தம் பங்கைச் செய்தலும், அடுத்தவர்க்குத் தெளிவான குறிப்பைத் தருதலும் அவர் கடனாம். அவ்விரண்டையும் செய்தவரே ஒப்படைத்தவர்; ஏனையோர் தட்டிக்கழித்தவரே ஆவர்.

ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாமல் தவிக்கும்போது, குறை அவ்வகுப்பில் வெளிப்படுகிறதே தவிர, அங்குப் பிறந்ததன்று. முதல் ஆண்டின் எளிய சோதனைகளில் அது மறைந்திருக்கலாம். பின்னர் ஒவ்வொரு வகுப்பும் அவனை வந்தவாறே மேலே அனுப்பியிருக்கலாம். ஆசிரியர் ஆண்டிறுதியில் மாணவனை அடுத்த வகுப்புக்கு ஒப்படைக்கும்போது, அவன் எதைக் கற்றான், எதைக் கற்கவில்லை என்பதையும் உடன் ஒப்படைப்பாராக.