குணம் அல்ல, கணக்கு

ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் ஒரு வளைகாப்பு விருந்து. தயிர்சாதத் தட்டோடு நின்ற பெண்ணிடம், கணவரின் சித்தப்பா முறை உள்ள ஒருவர் உரத்த குரலில் கேட்டார்: "கல்யாணமாகி அஞ்சு வருஷமாச்சு. கோளாறு யாருக்கு?" அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கார அம்மா ஓடிவந்து அவள் தோளைத் தடவினார். "அவர் குணமே அப்படித்தான். பெரியவரு, மனசுல வெச்சுக்காதம்மா."

இந்தச் சமாதானம் பொய். திங்கட்கிழமை காலை அதே மனிதர் கேட்டி ஃப்ரீவேயில் காரோட்டி எனர்ஜி காரிடரில் உள்ள தன் அலுவலகத்துக்குப் போகிறார். பக்கத்து இருக்கை அமெரிக்கப் பெண்ணிடம் இந்தக் கேள்வியைக் கேட்பாரா? மேலாளரிடம், "என்ன சார், வெயிட் போட்டுட்டீங்க" என்பாரா? விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கும் அதிகாரி முன்னால் அந்த நாக்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! பிறவிக் குணம் என்றால் எல்லா இடத்திலும் வெளிப்பட வேண்டாமா? எங்கே பேசினால் வேலை போகும், எங்கே பேசினால் சாம்பார் இன்னொரு கரண்டி விழும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே இது குணம் அல்ல, கணக்கு. அந்தக் கணக்கைத் தப்பாமல் சரியாக்கித் தருவது "விட்டுடும்மா" என்கிற நாம்தான்.

வயதைக் காட்டுவது இன்னொரு வாதம். முப்பது வருடம் முன்னால் பிறந்ததால் ஒருவரின் அனுபவம் கூடியிருக்கலாம்; அடுத்தவர் உடம்பைப் பற்றி விசாரிக்கும் உரிமை எப்படிக் கூடும்?

பெரியவர்களை மறுப்பது எப்படி என்று நமக்குத் தெரியாமல் இல்லை. சுதந்திரப் போராட்டக் காலத்தில் சேரன்மாதேவியில் நடந்த குருகுலப் பள்ளிக்குத் தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு 5,000 கொடுத்திருந்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி என்று தெரிந்ததும், அப்போது கட்சிச் செயலாளராக இருந்த பெரியார் மீதிப் பணத்தைத் தர மறுத்தார். குருகுலத்தை நடத்திய வ.வே.சு. ஐயர் சாதாரண ஆள் அல்ல. நாடு மதித்த தியாகி. தியாகத்தை மதித்துக்கொண்டே தனிப்பந்திக்குப் பணம் இல்லை என்று சொல்ல முடிந்தது. 1925-இல் பிறந்த சுயமரியாதை இயக்கத்தின் நூற்றாண்டையும் பார்த்துவிட்டோம். ஆனால் அந்தச் சொல் மேடையோடு நின்றுவிடுகிறது. சாப்பாட்டு மேசைக்கு வருவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். சனிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் மாமியார் அழைப்பார். ஊரில் அப்போது மாலை. பேத்தியின் நிறத்தைப் பற்றி ஒவ்வொரு வாரமும் ஒரு சொல். ஒருநாள் சொன்னாள்: "அத்தை, குழந்தை நிறத்தைப் பத்திப் பேசினா நான் போனை வெச்சுடுவேன்." மறுவாரமும் பேச்சு வந்தது. வைத்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் அவளே அழைத்து, மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். திட்டவில்லை, பதிலுக்கு வஞ்சம் வைக்கவில்லை. உறவு அறுந்துவிடும் என்று பயமுறுத்தியவர்கள்தான் ஏமாந்தார்கள்.

ஆனால் அவளுக்குச் சொந்தச் சம்பளம் உண்டு. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்த பெண்ணிடம் போய் "நீயும் துணிந்து பேசு" என்பது நியாயமில்லை. 2015 வரை அந்த விசாவில் வேலைக்கே போக முடியாமல் இருந்தது. இன்றும் பெரும்பாலும் கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டத்தைத் தாண்டினால்தான் அனுமதி. கேட்டியில் கார் இல்லாமல் மளிகைக் கடைக்குக்கூடப் போக முடியாது. சாவியும் வங்கிக் கணக்கும் கணவர் கையில் இருக்கும்போது, அவள் வாயை மூடிக்கொண்டிருப்பதைப் பொறுமை என்று புகழ்வது கொடுமை. பேச்சு மிரட்டலாகவும் அடியாகவும் மாறினால், தெற்காசியப் பெண்களுக்காக ஹூஸ்டனில் 1996 முதல் இயங்கும் 'தயா' அமைப்பு இருக்கிறது. அந்த நிலை வரும் முன்பே பேச வேண்டியவன் கணவன். அவன் அம்மாவிடம் அவன் பேசட்டும், அவன் சித்தப்பாவிடம் அவன் பேசட்டும். அவள் பெயரை நடுவில் இழுக்காமல், "எனக்குப் பிடிக்கவில்லை" என்று தன் பெயரில் பேசட்டும்.