மேசையில் இடமில்லாதவர்கள்

கேமரன் மலையின் கியா பார்ம் சந்தையில் சீன விவசாயிகளின் முட்டைக்கோசும் ஸ்ட்ராபெரியும், பக்கத்து மலையின் தேயிலைப் பொட்டலங்களும் அருகருகே விலைக்கு இருக்கின்றன. அவற்றை விளைவித்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பல இனத்தார் சந்தையில் மட்டும் கலந்துகொள்ளும் இத்தகைய சமுதாயத்தை, பர்மாவையும் ஜாவாவையும் ஆராய்ந்த பர்னிவல் 1948இலேயே விவரித்தார். அதை ஒரே நாடாக நடத்த மலாயா கண்ட வழி, மலாய்க்காரரின் அம்னோவும் சீனரின் மசீசவும் இந்தியரின் மஇகாவும் மேல்மட்டத்தில் பேசித் தொகுதிகளைப் பிரித்துக்கொள்வது. 1955 தேர்தலில் 52 இடங்களில் 51ஐ அந்தக் கூட்டணி வென்றது. பிளவுண்ட சமுதாயங்களுக்குத் தலைவர்களின் இணக்கமே மருந்து என்று வாதிட்ட அரசியல் அறிஞர் லைபார்ட்டும் மலேசியாவைச் சான்றுகளில் ஒன்றாகக் காட்டினார்.

அந்த மருந்தின் குறை கேமரன் மலையில் வெளிப்பட்டது. இந்திய வாக்காளர்கள் சிறுபான்மையாக உள்ள இத்தொகுதி, 2004 முதல் பங்கீட்டில் மஇகாவுக்கு வந்தது. 2018இல் அக்கட்சி பெற்ற வெற்றி, பழங்குடியினரான ஓராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதால் செல்லாது என்று தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரி இடைத்தேர்தலில், பழைய கூட்டணியின் வாரிசான தேசிய முன்னணி நிறுத்திய ரம்லி முகமட் நூர் வென்று, மக்களவைக்குச் சென்ற முதல் ஓராங் அஸ்லி ஆனார். மண்ணின் மூத்த குடிக்கு அந்த இருக்கை கிடைக்க, விடுதலைக்குப் பின் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பேரம் பேசும் மேசையில் அவர்களுக்கு நாற்காலியே இருந்ததில்லை.

மஇகாவுக்கான தொகுதி ஒதுக்கீடு போனால் தோட்டத் தமிழரின் குரல் அடங்கிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. அதை அலட்சியம் செய்பவர் லயத்து வாழ்க்கையை அறியாதவர். ஆனால் இனத்தின் பெயரால் ஒருவரை அனுப்பிவிட்டால், அவரைக் கேள்வி கேட்பதே இனத்துரோகமாகிவிடுகிறது. அடையாளங்கள் இறுகிய பெட்டிகளல்ல, அதிகாரத்தோடு மோதும் உரிமையே ஜனநாயகத்தின் உயிர் என்று ஷந்தால் மூஃப் போன்ற பிற்கால அறிஞர்கள் சொல்வது இங்கே பொருந்துகிறது. அப்படியானால் பொது விதிகளை நம்பிய பழைய தாராளவாதிகள் தோற்றுவிட்டார்களா? இல்லை. 2018 முடிவை ரத்துசெய்து அந்த மோதலுக்கு வழிவிட்டது பொதுச் சட்டம்தான். விதி இல்லாத மோதலில் வலியவனே வெல்வான்.

ஆயினும் மோதலை நம்புவோர், விதியை நம்புவோர் என இரு தரப்பின் கணக்கிலும் எளிதில் விடுபட்டுப்போகிறவர்கள் உண்டு. இன்று இம்மலையில் கொழுந்து பறிப்பவர்களிலும் காய்கறித் தோட்டங்களில் உழைப்பவர்களிலும் பலர் வங்கதேசத்தினர், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். அவர்களுக்கு இங்கே வாக்கில்லை. நம் தாத்தாக்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் கணக்கில் வராதவர்களாக இந்தச் சரிவுகளில் நின்றார்கள். நமக்காகக் கேட்கும் உரிமைகளை அவர்களுக்காகவும் கேட்பது தோட்டத்துத் தமிழரின் கடமை.